பரப்பின் விலையில் சூட்டின் பங்கு

நூலும் நெருப்பும் – 11

வெந்நீரில் நூல் சீக்கிரம் நனையும். சூடு ஏற ஏறத் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைவதுதான் காரணம். பாடப் புத்தகம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். ஆரணிச் சாயப்பட்டறை ஒன்றின் தொட்டியருகே நின்று யோசித்தால், முதல் வாக்கியம் அசையாமல் நிற்கிறது. இரண்டாவது ஆட்டம் காண்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் திரவங்களின் பரப்பு என்ட்ரோபி என்ற இடத்தில் போய் நிற்போம். பெயரைக் கண்டு பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். போகும் வழி முழுக்கத் தண்ணீரும் நூலும்தான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியை வெளியூர்க்காரர்கள் அரிசியாலும் பட்டாலும் அறிவார்கள். தறிச்சத்தம் ஊரோடு நின்றுவிடுவதில்லை; ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம், அத்திமலைப்பட்டு என்று சுற்றுக் கிராமங்களிலும் கேட்கும். பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. வந்த நூல் தறிக்குப் போகுமுன் அதற்கு ஊர்க்காரர்கள் தங்கள் கையால் சேர்ப்பது தண்ணீரும் நெருப்பும்.

கோராப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செரிசின் என்ற பசை என்று போன வாரம் பார்த்தோம். சவுக்காரமும் சோடாவும் கரைத்த வெந்நீரில் சிட்டங்களை, அதாவது நூல் கற்றைகளை, வேகவைத்து அதை எடுக்கிறார்கள். பசை போன பிறகுதான் பட்டுக்கு அந்த மெதுமையும் மினுமினுப்பும். அடுத்தது சாயத் தொட்டி. அதிலும் சூடான தண்ணீர்தான், ஆனால் அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. “ஆவி பறக்கணும் சார், கொதி மட்டும் வரக் கூடாது. கொதிச்சா நூலு சிக்காயிப் பூடும்” என்று தொட்டியில் கோல் திருப்பிக்கொண்டிருந்த சாயக்காரர் சொன்னார். தெர்மாமீட்டர் எதுவும் கண்ணில் படவில்லை. ஆவியின் அடர்த்தியைப் பார்த்து விறகை இழுக்கிறார், தள்ளுகிறார். 90 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம்.

கோராச் சிட்டத்தின்மேல் ஒரு சொட்டு பச்சைத் தண்ணீர் விட்டால் கொஞ்ச நேரம் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். நூலின் மேற்பூச்சில் பசையோடு மெழுகும் சிறிதளவு இருக்கிறது. தண்ணீர் அதில் ஒட்டத் தயங்குகிறது. பசை நீக்கிய சிட்டத்தில் அதே சொட்டு விட்டால் விழுந்த இடத்தில் ஈரக்கறை மட்டும்தான் மிஞ்சும். உருண்டையைக் கட்டிக் காப்பது பரப்பு இழுவிசை. 30 டிகிரியில் தூய நீருக்கு அது மீட்டருக்கு 71.2 மில்லிநியூட்டன். 90 டிகிரியில் 60.8. அறுபது டிகிரி ஏற்றி, ஒரு கட்டு விறகை எரித்து, பதினைந்து சதவீதம்தான் குறைத்திருக்கிறோம். கொஞ்சம் சவுக்காரத்தைக் கரைத்தால் விறகே இல்லாமல் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பசை போன நூலுக்குள் தண்ணீர் ஏறுவது நுண்புழை ஏற்றத்தால். இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகள்தான் நுண்புழைகள். தண்ணீரை உள்ளே இழுப்பதே பரப்பு இழுவிசைதான். நன்றாக நனையும் பொருளில் இழுவிசை குறைந்தால் உறிஞ்சும் வேகமும் குறைய வேண்டும், கூடக் கூடாது. லூகாஸ் 1918-லும் வாஷ்பர்ன் 1921-லும் தந்த கணக்குப்படி, குறிப்பிட்ட நேரத்தில் திரவம் ஏறும் தூரம், இழுவிசையைப் பாகுநிலையால் வகுத்தால் வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால் தண்ணீரின் பாகுநிலை 0.80-லிருந்து 0.31 ஆகச் சரிகிறது (மில்லிபாஸ்கல்-நொடி என்ற அலகில்). இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஏறும் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பாகுநிலை மாறாமல் இழுவிசை மட்டும் குறைந்திருந்தால் தூரம் எட்டு சதவீதம் குறைந்திருக்கும். வெந்நீரின் சுறுசுறுப்புக்குப் பெரும் காரணம் அது இளகிப் போவது. கூடவே சூட்டில் இழை உப்பிக்கொடுக்கிறது, சாய மூலக்கூறுகள் வேகமாக உள்ளே பரவுகின்றன. இழுவிசை குறைவது உதவுகிற இடம் அந்தக் கோராச் சிட்டம்போல நனையத் தயங்கும் பொருள்கள்தான். அங்கேயும் சவுக்காரத்துக்கு முன்னால் சூடு எம்மாத்திரம்!

அப்படியானால் அந்தப் பத்து மில்லிநியூட்டன் சரிவை விட்டுத்தள்ளிவிடலாமா? சாயக்காரர் தள்ளலாம். அவர் தொழிலுக்கு அது ஒன்றும் செய்யாது. இயற்பியல்காரர்களுக்கோ அந்தச் சரிவுதான் சுவாரசியமான சமாசாரம்.

இழுவிசையை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். மீட்டருக்கு 71.2 மில்லிநியூட்டன் என்பதும், ஒரு சதுர மீட்டர் புதிய பரப்பை உண்டாக்க நாம் செய்யவேண்டிய வேலை 71.2 மில்லிஜூல் என்பதும் ஒன்றே. உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் பிடித்து இழுக்க அண்டை மூலக்கூறுகள் உண்டு. மேலே வந்துவிட்டால் ஒரு பக்கம் வெறுமை. பிடிப்புகளை அறுத்துக்கொண்டு மேலே வர ஆற்றல் வேண்டும். ஆனால் வந்த இடத்தில் அதற்கு ஒரு லாபம் காத்திருக்கிறது. படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி வெள்ளிக் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டவருக்குக் கையைத் தூக்கித் தலைமுடியை ஒதுக்கக்கூட இடம் இருக்காது. ஓரத்துக்கு வந்தவர் கையை வீசலாம், திரும்பலாம், எந்தப் பக்கமும் சாயலாம். பரப்பில் நிற்கும் மூலக்கூறுக்கும் அசைய வழிகள் அதிகம். இப்படி ஒன்று எத்தனை விதமாக இருக்க முடியும் என்பதன் அளவுதான் என்ட்ரோபி. பரப்பு கூடினால் என்ட்ரோபியும் கூடுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பு கூடும்போது கூடுகிற அந்தப் பங்கே பரப்பு என்ட்ரோபி.

அதை அளக்கத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை என்பதுதான் அழகு. 1870-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து வில்லார்ட் கிப்ஸ் எழுதிய கணக்கின்படி, ஒரு டிகிரிக்கு இழுவிசை எவ்வளவு குறைகிறதோ அதுவே பரப்பு என்ட்ரோபி. சரிவின் செங்குத்தைப் பார்த்தால் போதும். 30 டிகிரியில் தண்ணீருக்கு அது டிகிரிக்கு, சதுர மீட்டருக்கு சுமார் 0.155 மில்லிஜூல்.

சின்ன எண்தான். அதைக் கெல்வின் வெப்பநிலையால், அதாவது 303-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 47 மில்லிஜூல். புதிய பரப்பு உண்டாகும்போது அது தன்னைச் சுற்றியிருப்பவற்றிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வெப்பம் இது. ஆக ஒரு சதுர மீட்டர் பரப்பின் முழு விலை 118 மில்லிஜூல். 71 நம் கையிலிருந்து, 47 சூட்டிலிருந்து. இதே கணக்கைச் சாயத் தொட்டியின் 90 டிகிரியில் போட்டால் நம் பங்கு 61 ஆகக் குறைகிறது, சூட்டின் பங்கு 68 ஆக ஏறுகிறது. கூட்டினால் 129. பரப்பின் விலை குறையவே இல்லை, கூடியிருக்கிறது! நாம் போடவேண்டிய பங்கு மட்டுமே குறைந்திருக்கிறது. ‘சூட்டில் பரப்பு இழுவிசை குறைகிறது’ என்ற வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் சங்கதி இதுதான். பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்காதது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

இதைக் கிப்ஸுக்கு முன்பே கண்டுகொண்டவர் கெல்வின் பிரபு. அப்போது வில்லியம் தாம்சன். 1858-இல், திரவப் படலத்தை இழுத்து விரித்தால் அது குளிர வேண்டும் என்று காட்டினார். சூட்டில் இழுவிசை குறைகிறது என்பது உண்மையானால், விரியும்போது குளிர்ந்தே ஆகவேண்டும். இரண்டும் ஒரே விதியின் இரு பக்கம். சவுக்காரத் தொட்டியிலிருந்து சிட்டத்தைக் கோலோடு தூக்கும்போது கவனித்தால், இழைக்கும் இழைக்கும் நடுவே கண்ணாடித் தகடுபோல நீர்ப்படலம் விரிந்து, வானவில் நிறம் காட்டி, உடையும். விரிகிற அந்தக் கணத்தில் அது குளிர்கிறதா? கணக்குப்படி, ஆம். ஒரு கிராம் தண்ணீரை மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டராக விரித்தால், முன்னும் பின்னுமாக இரண்டு சதுர மீட்டர் பரப்பு. தூய நீராக இருந்தால் 94 மில்லிஜூல் வெப்பம் செலவாகும். தண்ணீர் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு குளிரும். தொட்டியருகே அதைக் கைகொண்டு உணர வழியே இல்லை. ஆவியாவதால் வரும் குளிர்ச்சி அதை அப்படியே விழுங்கிவிடும்.

எல்லாத் திரவங்களுக்கும் இந்தச் சரிவு ஒரே மாதிரிதானா? ஹங்கேரியின் லோராண்ட் ஏட்வேஷ் 1886-இல் ஒரு வியப்பான ஒற்றுமையைக் கண்டார். சதுர மீட்டர்க் கணக்கை விட்டுவிட்டு, சம எண்ணிக்கை மூலக்கூறுகள் நிற்கிற பரப்பை எடுத்துக்கொண்டால், பென்சீனோ ஈதரோ, சரிவு ஏறக்குறைய ஒன்றே. அவர் காலத்து அலகில் அந்த எண் 2.1. பரப்புக்கு வரும் மூலக்கூறு எந்தத் திரவத்தைச் சேர்ந்ததானாலும் அதற்குக் கிடைக்கும் கூடுதல் சுதந்திரம் ஏறத்தாழ ஒரே அளவுதான் என்று பொருள். 1893-இல் வில்லியம் ராம்சேயும் ஜான் ஷீல்ட்ஸும் இந்த விதியைத் திருத்திப் பல திரவங்களில் சோதித்தார்கள். பிற்பாடு ஆர்கான், நியான் முதலிய வாயுக்களைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற அதே ராம்சே. ஜாம்ஷெட்ஜி டாட்டா கனவு கண்ட அறிவியல் கழகத்தை எங்கே வைப்பது என்று பார்க்க 1900-இல் இந்தியா வந்து, பெங்களூரைக் கைகாட்டிவிட்டுப் போனவரும் அவரே.

இந்த வரிசையில் உட்கார மறுத்தது தண்ணீர். அதன் எண் 2.1-இல் பாதி அளவுதான், ஒன்றை ஒட்டி நிற்கிறது. பரப்புக்கு வந்த பிறகும் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் பக்கத்திலிருப்பவற்றைப் பிடித்தபடியே, குறிப்பிட்ட திசை பார்த்து நிற்கின்றன. ஓரத்துக்கு வந்தும் கை வீசாதவை. அதனால் கிடைக்கும் என்ட்ரோபி குறைவு, சரிவும் மெதுவு. சூடு ஏறும்போது பிணைப்புகள் தளர்ந்து சுதந்திரம் கூடுகிறது: 0 டிகிரியில் 0.14 ஆக இருந்த பரப்பு என்ட்ரோபி 90-இல் 0.19-ஐத் தொடுகிறது. இழுவிசைக்கு வரைபடம் போட்டால் நேர்கோடுபோலத்தான் தெரியும். ஆனால் அது நேர்கோடு அல்ல, மெல்லக் கீழே வளைகிறது.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சி.வி. ராமன், ஒளியைப் பற்றிய தன் முதல் கட்டுரைக்கு அடுத்து 1907-இல் லண்டன் ‘பிலசாஃபிகல் மேகசின்’ இதழில் எழுதியது திரவங்களின் பரப்பு இழுவிசை பற்றித்தான். துளியின் வளைவை அளந்து இழுவிசையைக் கணக்கிடும் முறை. ஒளிச்சிதறலால் உலகப்புகழ் பெற்றவரை நாம் துளிகளோடு சேர்த்து நினைப்பதில்லை. ஆனால் அந்த ஆர்வம் விடவில்லை. 1925-இல் கல்கத்தாவில், பாலக்காட்டுக்காரரான எல்.ஏ. ராமதாஸுடன் சேர்ந்து, சுத்தமான திரவப் பரப்பின்மேல் ஒளியைப் பாய்ச்சி, எதிரொளிக்கும் திசையைத் தவிர மற்ற திசைகளிலும் மங்கலான ஒளி சிதறுவதை ஆராய்ந்தார்.

பரப்பு முழுக்க வழவழப்பாக இருந்தால் ஒளி அப்படிச் சிதறாது. மூலக்கூறுகளின் வெப்ப அசைவால் எந்தத் திரவத்தின் மேலும் ஓயாத சிற்றலைகள் உண்டு என்று இயற்பியலாளர் ஸ்மோலுகோவ்ஸ்கி முன்பே சொல்லியிருந்தார். சூடு அலைகளை எழுப்பப் பார்க்கிறது, இழுவிசை அதை இழுத்துச் சமன் செய்கிறது. ஆகவே சூடு கூடினால் இரட்டை நட்டம்: எழுப்பும் கை வலுக்கிறது, அடக்கும் கை தளர்கிறது. அறைச் சூட்டில் தண்ணீர்மேல் இந்த அலைகளின் உயரம் மீட்டரில் ஆயிரம் கோடியில் மூன்று பங்கு, ஒரு நீர் மூலக்கூறின் அளவே. அசையாமல் நிற்கும் குளம் என்று எதுவும் கிடையாது. (ராமதாஸ் பிறகு வானிலைத் துறைக்குப் போய், இரவில் தரையைவிடத் தரைக்குச் சற்று மேலே காற்று அதிகம் குளிர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அது தனிக் கதை; தொடர் முடிவதற்குள் இடம் கிடைத்தால் எழுதுகிறேன்.)

சரிவு எப்போதும் கீழ்நோக்கித்தானா என்றால், இல்லை. இன்றைய சாயத் தொட்டிகள் பல துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வெல்டிங் செய்து கட்டியவை. வெல்டிங் தீயில் உருகிய எஃகுக் குட்டையின் நடு கொதிசூடு, ஓரம் அவ்வளவு இல்லை. சூடான இடத்தில் இழுவிசை குறைவு என்பதால் ஓரம் ஜெயித்து, பரப்பிலுள்ள உலோகத்தைத் தன் பக்கம் இழுக்கும்; பற்று அகலமாக, ஆழமில்லாமல் விழும். எஃகில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு கந்தகம் இருந்தால் போதும், கதை தலைகீழ். கந்தக அணுக்கள் பரப்பில் வந்து ஒழுங்காக அமர்ந்து இழுவிசையைக் குறைத்து வைத்திருக்கும். சூடு ஏறினால் அவை கலைந்து போகும், இழுவிசை ஏறும். இங்கே பரப்பு என்ட்ரோபி எதிர்க்குறி வாங்குகிறது. இப்போது ஓட்டம் நடுவை நோக்கித் திரும்பி, கீழே இறங்கி, பற்று ஆழமாகப் பிடிக்கும். ஒரே மாதிரி தகடு, ஒரே மின்னோட்டம், ஆனால் ஒரு லாட்டுத் தகட்டில் மட்டும் பற்று சரியில்லை என்று வெல்டர்கள் புலம்பியதன் காரணத்தை 1982 வாக்கில் அமெரிக்காவில் ஹைப்பிளும் ரோப்பரும் இப்படி விளக்கினார்கள்.

தண்ணீருக்கு வருவோம். சூட்டை ஏற்றிக்கொண்டே போனால், அதாவது அழுத்தமான மூடிய கலத்தில் 100-ஐத் தாண்டியும் திரவமாக வைத்திருந்தால், பரப்பு என்ட்ரோபி 250 டிகிரி அருகே 0.235-ஐத் தொட்டு உச்சமாகிறது. அதற்குப் பிறகு இறங்குமுகம். காரணம் எளிது: சூட்டில் திரவம் விரிந்து தளர்ந்துகொண்டே போகிறது, அதன் ஆவி நெருக்கமாகிக்கொண்டே வருகிறது. உள்ளே நெரிசல் இல்லையென்றால் ஓரத்துக்கு வருவதில் என்ன லாபம்? 374 டிகிரியில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதுதான் நீரின் மாறுநிலை வெப்பநிலை. அங்கே இழுவிசை பூஜ்யம், பரப்பு என்ட்ரோபியும் பூஜ்யம்.

374 டிகிரி எந்தச் சாயப்பட்டறைக்கும் எட்டாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடுக்கு மாறுநிலை வெறும் 31 டிகிரி. ஆரணியின் மே மாத மத்தியானம் 40-ஐத் தொடும்போது, சுவரில் மாட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு உருளைக்குள் திரவம் இது, ஆவி இது என்று பிரிக்கும் பரப்பே இருக்காது. இழுவிசையே இல்லாத, வாயுவைப்போல எளிதாக ஓடும் இந்தப் பொருள் இழைச் சந்துகளுக்குள் தடையில்லாமல் நுழையும். தண்ணீரே இல்லாமல் சாயம் போட இதைப் பயன்படுத்துகிறார்கள். நெதர்லாந்தின் டைகூ நிறுவனம் அதற்கான இயந்திரங்களைத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறது. வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகப் பிரிந்து, பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. கழிவுநீர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாயக் கழிவுநீரோடு மல்லுக்கட்டும் தமிழ்நாட்டுக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றும். சிக்கல் சாயத்தில் இருக்கிறது. பட்டுக்குப் போடும் அமிலச் சாயங்கள் மின்னூட்டம் கொண்டவை. தண்ணீரில் கரையும், கார்பன் டை ஆக்சைடில் கரையாது. மின்னூட்டமில்லாத டிஸ்பர்ஸ் சாயங்கள் அதில் கரையும்; அவை பிடிப்பது பாலியெஸ்டரை. பட்டுக்கு ஒத்துவரும் சாயங்களை உருவாக்கும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடக்கின்றன. தொழிற்சாலைக்கு வந்திருப்பது இன்றுவரை பாலியெஸ்டர்தான்.